அடுக்கு அலுமினியத் தகடு: வலிமை எங்கிருந்து வருகிறது, வண்டிக்கு எது உதவும்?

இளஞ்செதில்:
எல்லோருக்கும் வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக அடுக்கு அலுமினியத் தகடுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒசாகா பல்கலைக்கழகத்தில் சைட்டோ, சுஜி முதலானவர்கள் 1998-இல் வெளியிட்ட ஏஆர்பி (accumulative roll bonding, அதாவது அடுக்கி அடுக்கி உருட்டி ஒட்டும்) முறையில்தான் ஆரம்பித்தேன். தகட்டின் முகத்தை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, வயர் பிரஷ்ஷால் நன்றாகச் சுரண்டி, இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாதித் தடிமனாகும்வரை ஒரே தடவையில் உருட்டுகிறார்கள். இரண்டும் ஒட்டி ஒரே தகடாகிவிடுகின்றன. அதைக் குறுக்கே பாதியாக வெட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி உருட்டல். எட்டுச் சுற்று முடிந்தால் 256 அடுக்கு. ஏறக்குறைய தூய அலுமினியமான சாதாரண 1100 அலாய் இப்படிச் சுமார் 300 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமைக்கு வந்திருக்கிறது, தொடங்கிய இடத்தைவிட மூன்றரை மடங்கு.

என் கேள்வி இரண்டு. இவ்வளவு வலிமை கிடைக்கும்போது கார் கதவையும் பானெட்டையும் ஏன் இதில் செய்யவில்லை? அடுக்கைக் கூட்டிக்கொண்டே போனால் வலிமையும் கூடிக்கொண்டே போகுமா? 2, 4, 6, 8, 10 சுற்று செய்து, அடுக்கு எண்ணிக்கைக்கு எதிரே இழுவிசை வலிமையை வரைவதாக இருக்கிறேன்.

உருட்டாலை:
தம்பி, அந்த வரைபடத்தின் கீழ் அச்சை முதலில் மாற்றுங்கள். ஒரே அலாயை ஒரே அலாயோடு அடுக்கும்போது வலிமையைத் தருவது அடுக்கின் எண்ணிக்கை இல்லை. உலோகத்துக்குள் எவ்வளவு உருச்சிதைவை ஏற்றியிருக்கிறீர்கள் என்பதுதான். பாதித் தடிமனுக்கு ஒரு தடவை உருட்டினால் சமானத் திரிபு (உருச்சிதைவின் அளவு) 0.8. எட்டுச் சுற்றில் 6.4. இதே 6.4-ஐச் சாதாரண உருட்டலில் கொண்டுவர வேண்டுமென்றால் 1 மில்லிமீட்டர் தகடு 256-இல் ஒரு பங்காகி, 4 மைக்ரோமீட்டர் ஃபாயிலாகத்தான் கையில் வரும். அதை வைத்துக்கொண்டு கதவு செய்ய முடியாது. அடுக்கி அடுக்கி உருட்டுவதால் தடிமன் அப்படியே நிற்கிறது, திரிபு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஏஆர்பியின் சூட்சுமம் இதுதான்.

திரிபு ஏற ஏறப் பழைய கிரெயின் (உலோகத்துக்குள் இருக்கும் சின்னப் படிகம்) துண்டு துண்டாக உடைகிறது. முதலில் டிஸ்லொகேஷன்கள், அதாவது படிகத்துக்குள் அணு வரிசை பிசகிய கோடுகள், கூடிச் சின்னச் சின்ன அறைகளாகச் சுவர் கட்டும். பிறகு அந்தச் சுவர்களின் கோணம் கூடிக்கூடி உண்மையான கிரெயின் எல்லைகளாகிவிடும். கடைசியில் உருட்டிய திசையில் நீண்டு, தடிமன் திசையில் சுமார் 200 நானோமீட்டர் மட்டுமே உள்ள பட்டைபட்டையான கிரெயின்கள். ஹால் 1951-இலும் பெட்ச் 1953-இலும் சொன்ன விதிப்படி, கிரெயின் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினால் எல்லைகளால் வரும் வலிமைப் பங்கு இரட்டிப்பாகும். உங்கள் மூன்றரை மடங்கு பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது.

கூடிக்கொண்டே போகுமா என்றால், போகாது. ஒரு கட்டத்துக்குமேல் உடைவதும் மீள்வதும் சமமாகி, கிரெயின் அளவு நின்றுவிடும். அதற்குப் பிறகு அடுக்கு 256 ஆனாலும் 1024 ஆனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

எடைகுறை:
வடிவமைப்புப் பக்கத்திலிருந்து சில வார்த்தை. வெளிப் பேனல் பெரும்பாலும் விறைப்பை வைத்துத்தான் முடிவாகிறது, வலிமையை வைத்து இல்லை. விறைப்பைத் தரும் மீள்குணகம் எஃகுக்கு 210 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. நீங்கள் ஆயிரம் அடுக்கு அடுக்கினாலும், கிரெயினை எவ்வளவு சின்னதாக்கினாலும், அந்த 70 அசையாது. தட்டையான பேனலின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். அதனால் எஃகுத் தகட்டுக்கு நிகரான விறைப்பு வர அலுமினியம் 1.44 மடங்கு தடிமனாக இருந்தால் போதும். எஃகின் அடர்த்தி 7.85, அலுமினியத்துக்கு 2.7. கணக்குப் போட்டால் எடை ஏறக்குறைய பாதி. 1994-இல் ஆடி ஏ8, 2015 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் எல்லாம் உடலை அலுமினியத்துக்கு மாற்றியதற்கு அடிப்படை இந்த மாதிரிக் கணக்குதான். அதற்கு அடுக்குத் தகடு தேவைப்படவில்லை.

அதோடு, 300 மெகாபாஸ்கல்தான் வேண்டும் என்றால் 6061 அலாயை டி6 (சூட்டில் பதப்படுத்தி வலிமையேற்றிய) நிலையில் எடுத்தால் போதும். நீட்சியும் பத்து சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். ஏஆர்பி செய்த 1100-இன் சீரான நீட்சி எவ்வளவு என்று பார்த்தீர்களா?

இளஞ்செதில்:
பார்த்தேன் சார். ஓரிரண்டு சதவீதம்தான். அது ஏன் அவ்வளவு குறைவு? கிரெயின் எல்லை அதிகமென்றால் விரிசலுக்கும் தடை அதிகமாகத்தானே இருக்க வேண்டும்?

நுண்ணோக்கி:
விரிசல் வருவதற்கு முன்பே கழுத்து விழுந்துவிடுகிறது, அதுதான் விஷயம். தகட்டை இழுக்கும்போது ஓரிடம் கொஞ்சம் மெலியும். மெலிந்த இடம் உடனே கடினமானால் நீட்சி பக்கத்து இடத்துக்குத் தாவும், தகடு முழுக்கச் சீராக நீளும். கடினமாக வேண்டுமென்றால் கிரெயினுக்குள் டிஸ்லொகேஷன்கள் சேர வேண்டும். 200 நானோமீட்டர் அகலமுள்ள கிரெயினில் அவை சேர்வதற்கு இடம் எங்கே? ஒரு பக்க எல்லையில் பிறந்து மறுபக்க எல்லையில் போய் மறைந்துவிடும். அதனால் மெலிந்த இடம் மெலிந்துகொண்டே போய் அறுந்துவிடும். அறுந்த முனையைப் பார்த்தால் குழிகள் நிறைந்த நல்ல வளைமை முறிவுதான் தெரியும். உலோகம் நொறுங்கவில்லை, நீட்சி பரவத் தெரியாமல் போய்விட்டது.

இதில் இன்னொரு விநோதமும் இருக்கிறது. 2006-இல் ஹுவாங், ஹான்சன், சுஜி மூவரும் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. ஏஆர்பி அலுமினியத்தை 150 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தார்கள். பாடப்புத்தகப்படி இப்படி அனீல் செய்தால், அதாவது சூட்டில் வைத்தால், மென்மையாக வேண்டும். இங்கே வலிமை கூடியது, நீட்சி இன்னும் குறைந்தது. அதைக் கொஞ்சம் குளிர்நிலையில் உருட்டியபோது வலிமை இறங்கி நீட்சி திரும்பி வந்தது! சூட்டில் தளர்வான டிஸ்லொகேஷன்கள் எல்லைகளுக்குள் போய் மறைந்துவிடுகின்றன. பிறகு இழுக்கும்போது நகர்வதற்கு ஆளில்லை, புதிதாக உண்டாக்கக் கூடுதல் விசை வேண்டியிருக்கிறது. லேசாக உருட்டினால் நகரக்கூடியவை மறுபடி கிடைக்கின்றன.

கார் பாடி பெயிண்ட் அடுப்பில் 170, 180 டிகிரியில் இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும். 6000 வரிசை அலாய்க்கு அந்தச் சூடு வரம், உள்ளே மெக்னீசியம்-சிலிக்கான் நுண்படிவுகள் உண்டாகி வலிமை ஏறும். ஏஆர்பி தகட்டுக்கு அதே சூடு மிச்சமிருக்கும் நீட்சியையும் பறித்துவிடக்கூடும். மோதும்போது ஆற்றலை வாங்க வேண்டிய பாகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிரஸ்ஷாப்:
நான் தகட்டை அடித்துப் பாகமாக்கும் பக்கத்தில் இருப்பவன். இழுவிசை எண்ணைப் பார்த்து மயங்கினால் டையில் மாட்டிக்கொள்வோம் என்று மட்டும் சொல்வேன். உருட்டி ஒட்டிய அடுக்குத் தகடு மாதிரிக்கு எங்களிடம் வந்தது. பிளாங்க் (பாகமாக அடிக்க வேண்டிய துண்டு) வெட்டியபோது முகம் பளபளவென்று இருந்தது. வெட்டிய விளிம்பை விரல் நகத்தால் தடவினால் சரியாக நடுவில் ஒரு மெல்லிய கோடு நகத்தைப் பிடித்தது. அதே பிளாங்க்கை வளைத்தபோது அந்தக் கோடு வாய் திறந்துவிட்டது. மற்ற அடுக்குகள் எல்லாம் கெட்டியாக இருக்க, நடு மட்டும் ஏன் திறந்தது என்று அனுப்பியவர்களுக்கே தெரியவில்லை. யாராவது விளக்குங்கள்.

உருட்டாலை:
அண்ணா, நீங்கள் பார்த்தது ஏஆர்பியின் பிறவிக் குணம். நடுவில் இருக்கும் இணைப்புதான் கடைசிச் சுற்றில் பிறந்தது, ஒரே ஒரு உருட்டலைத்தான் பார்த்திருக்கிறது. அதற்கு முந்தியது இரண்டு உருட்டல், அதற்கும் முந்தியது மூன்று. பழைய இணைப்புகள் ஒவ்வொரு சுற்றிலும் நீண்டு இறுகிக்கொண்டே வரும். புதியது எப்போதும் நட்டநடுவில், பலவீனமாக நிற்கும்.

அது ஏன் என்று பார்க்க ஒட்டுதல் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். அலுமினியத்தின்மேல் எப்போதும் சில நானோமீட்டர் ஆக்சைடு படலம் இருக்கும். வயர் பிரஷ் போடும்போது அது உடைந்து, அதோடு முகத்தில் ஒரு கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள தோலும் உண்டாகிறது. உருட்டும்போது தகடு நீள, இந்தத் தோல் நீள முடியாமல் வெடிக்கும். வெடிப்புகளுக்குள் கீழிருந்து புத்தம்புது உலோகம் பிதுங்கி ஏறும். எதிர்ப்பக்கத்திலும் அதுவே நடக்கும். இரண்டு புது உலோகமும் சந்திக்கும் இடத்தில்தான் உண்மையான ஒட்டு. மற்ற இடங்களில் ஆக்சைடுத் துணுக்குகள் நடுவில் மாட்டியிருக்கும். ஒரு உருட்டலில் முகத்தின் ஒரு பங்குதான் ஒட்டும். அடுத்தடுத்த உருட்டலில் துணுக்குகள் சிதறி விலகி, ஒட்டிய பங்கு பெருகும். குறைவாக அழுத்தினால் ஒட்டவே ஒட்டாது என்பதற்கும் இதுதான் காரணம். தோல் போதுமான அளவு வெடிக்க வேண்டும்.

பிரஷ் போட்டபிறகு டீ குடித்துவிட்டு வந்து உருட்டலாம் என்றிருந்தாலும் ஒட்டு கெடும். சில நிமிடத்துக்குள் உருட்டிவிட வேண்டும், முகத்தில் கை படக்கூடாது.

எடைகுறை:
அந்த நடுக்கோடு திறந்தால் விறைப்புக்கு என்ன ஆகும் என்பதையும் பதிந்துவிடுகிறேன். ஒட்டிய சீட்டுக்கட்டையும் ஒட்டாத சீட்டுக்கட்டையும் வளைத்துப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். தகடு நடுவில் பிரிந்து இரண்டு பாதியும் தனித்தனியாக வழுக்கினால் ஒவ்வொன்றின் விறைப்பும் எட்டில் ஒன்று, சேர்ந்து நான்கில் ஒன்று. பெயிண்டுக்கு உள்ளே இது நடந்தால் வெளியே எதுவும் தெரியாது. எனக்குப் பயமே இதுதான்.

ரேடியேட்டர்வாசி:
எல்லோரும் ஏஆர்பியையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். அடுக்கு அலுமினியம் வண்டிக்கு வந்து பல காலமாகிறது நண்பர்களே. பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைப் பாருங்கள். நடுவில் மாங்கனீசு சேர்ந்த 3003 கோர், மேலே பத்து சதவீதத் தடிமன்கூட இல்லாத 4343 அல்லது 4045 கிளாட் என்ற மேல்தோல். கிளாடில் சிலிக்கான் அதிகம், அதனால் 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். கோர் உருக 640 டிகிரியாவது வேண்டும். 600 டிகிரியை ஒட்டிய அடுப்பில் விட்டால் கிளாட் மட்டும் உருகி, குழாயும் ஃபின்னும் தொடும் ஒவ்வொரு மூலையிலும் ஓடிப்போய் நின்று, குளிர்ந்ததும் பற்றவைப்பாகிவிடும். அடுப்புக்குள் ஒரு நடை போய் வந்தால் நூற்றுக்கணக்கான இணைப்பு தயார். இங்கே ஒவ்வொரு அடுக்குக்கும் தனி வேலை. கோர் தாங்குகிறது, கிளாட் ஒட்டுகிறது. சில வகைகளில் தண்ணீர்ப் பக்கம் துத்தநாகம் சேர்ந்த மூன்றாவது அடுக்கு, தான் அரிந்து கோரைக் காக்கும்.

நுண்ணமைப்பு எப்படிக் காலை வாரும் என்பதற்கும் இங்கே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. முழுமையாக அனீல் செய்த தகட்டை லேசாக மட்டும் வளைத்துப் பாகமாக்கினால், அந்த இடத்தில் சேமிப்பான ஆற்றல் கொஞ்சம்தான். கிளாட் உருகுவதற்குமுன் கோர் மறுபடிகமாக, அதாவது புதுக் கிரெயின்களாக மாற, அது போதாது. டிஸ்லொகேஷன் சுவர்கள் அப்படியே நிற்கும்போது உருகிய சிலிக்கான் திரவம் அந்தச் சுவர்கள் வழியாகக் கோருக்குள் இறங்கி அரித்துவிடும். நன்றாக அழுத்திய இடம் முன்னாடியே மறுபடிகமாகிப் பெரிய கிரெயினோடு தப்பிவிடும். லேசாகத் தொட்ட இடம்தான் ஒழுகும். புதிதாக வருபவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். குறுக்குவெட்டைப் பாலிஷ் செய்து காட்டினால்தான் ஒத்துக்கொள்வார்கள்.

நுண்ணோக்கி:
அருமையான எடுத்துக்காட்டு. விமானத்தில் இன்னும் பழசு. 1927-லேயே அல்கிளாட் வந்துவிட்டது. செம்பு கலந்த வலிமையான கோர், இரண்டு முகத்திலும் தூய அலுமினியத் தோல். செம்பு அலாய்க்கு அரிப்பு பலவீனம், தூய அலுமினியம் அதைவிட எளிதாக அரிவதால் கீறல் விழுந்தாலும் தோல் தன்னைக் கொடுத்துக் கோரைக் காக்கும். வலிமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்கிக்கொள்கிறார்கள்.

பிரஸ்ஷாப்:
ரேடியேட்டர், விமானம் எல்லாம் சரி. பாடி பேனலில் அடுக்கு எங்கே உதவும்?

எடைகுறை:
உங்கள் ஹெம்மிங்கில் உதவும் அண்ணா. வெளிக்கதவுத் தகட்டின் விளிம்பை உள்கதவின்மேல் 180 டிகிரி மடிக்கும்போது வெளி முகம்தான் அதிகம் நீள்கிறது, நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. 6000 வரிசையில் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த வெளி முகத்தில் முதலில் ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பு, பிறகு விரிசல். நடுவில் வலிமையான கோரும் வெளியே மென்மையான மெல்லிய கிளாடும் வைத்தால் மடிப்புத் தாங்கும். இழப்பு எவ்வளவு என்பது எளிய கூட்டல். 300 மெகாபாஸ்கல் கோர் 80 சதவீதமும் 100 மெகாபாஸ்கல் கிளாட் 20 சதவீதமும் என்றால் இழுவிசையில் 260. நாற்பதைக் கொடுத்து மடிப்பை வாங்குகிறோம்.

5000 வரிசையிலும் இதே யோசனை வேறு காரணத்துக்காக. மெக்னீசியத்தைக் கூட்டினால் வலிமையும் உருவாக்கும் தன்மையும் சேர்ந்து ஏறும், ஆழமாக இழுக்க வேண்டிய உள்கதவுக்கு அற்புதம். ஆனால் 3 சதவீதத்தைத் தாண்டினால், நீண்ட நாள் சூட்டில் கிரெயின் எல்லைகளில் மெக்னீசியம் நிறைந்த படிவு வரிசையாக உட்கார்ந்து, அரிப்புக்கு வழி திறந்துவிடும். மெக்னீசியம் குறைந்த கிளாடால் மூடினால் முகம் பாதுகாப்பு.

பிரஸ்ஷாப்:
முகம் பாதுகாப்பு. வெட்டிய விளிம்பு? ரிவெட் துளை? அங்கே கோர் அப்பட்டமாகத் தெரியுமே.

எடைகுறை:
நியாயமான கேள்வி. கிளாட் பக்கத்தில் இருப்பதால் கொஞ்ச தூரம் மின்வேதிப் பாதுகாப்பு கிடைக்கும், மீதிக்கு சீலரும் பெயிண்டும்தான். சூடான பகுதிக்குப் பக்கத்தில் போகும் பாகத்துக்கு இந்த வகையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

உருட்டாலை:
இந்த வகைத் தகடுகளில் இணைப்பு எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுக்கோடு பிரச்சினைக்கு விடை அங்கேதான் இருக்கிறது. நொவெலிஸ் நிறுவனம் 2006-இல் அறிவித்த ஃபியூஷன் முறையில் தகட்டை ஒட்டுவதே இல்லை. வார்க்கும்போதே ஒரே அச்சில் இரண்டு அலாயையும் ஊற்றுகிறார்கள். ஒன்று பாதி உறைந்து ஓடு கட்டியதும் மற்றது அதன்மேல் வந்து உறையும். நடுவில் ஆக்சைடுக்கு இடமில்லை. அந்தக் கட்டியைச் சூட்டிலும் குளிரிலும் உருட்டித் தகடாக்கும்போது இணைப்பு எத்தனையோ பாஸ் (உருட்டல்) பார்த்துவிடும். பழைய முறையில் கோர் கட்டியின்மேல் கிளாட் பலகையை வைத்துச் சூட்டில் உருட்டுவார்கள், அதிலும் ஒரே இணைப்புப் பல பாஸ் பார்க்கிறது. ஏஆர்பியில் மட்டும்தான் கடைசி இணைப்பு ஒரே பாஸோடு வெளியே வந்துவிடுகிறது.

ஆலைக்காரனாக இன்னொன்று. பாடி ஷீட் காயிலாக (சுருளாக), மீட்டருக்கு மேல் அகலத்தில், கிலோமீட்டர் நீளத்தில் ஓட வேண்டும். வெட்டி, துடைத்து, பிரஷ் போட்டு, அடுக்கி, ஒரே பாஸில் பாதியாக்கி, விளிம்பு விரிசலைச் சீவி எறிந்து, இதைத் திரும்பத் திரும்பச் செய்வது காயிலுக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஏஆர்பி ஒரு தங்கச் சுரங்கம், கிரெயின் எப்படி உடைகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் முறை குறைவு. அந்த மதிப்பை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நுண்ணோக்கி:
ஏஆர்பிக்காக நான் கொஞ்சம் வாதாடுகிறேன். ஒரே அலாயை அடுக்காமல், மென்மையான 1050-ஐயும் வலிமையான 5754-ஐயும் மாற்றி மாற்றி அடுக்கினால் கதை மாறுகிறது. ஒரே உருட்டலில் ஒன்று மிக நுண்ணிய கிரெயினாகிறது, மற்றது கொஞ்சம் பெரிதாக நிற்கிறது. இழுக்கும்போது மென்மையான அடுக்கு முதலில் நீளப் பார்க்கும், பக்கத்து வலிய அடுக்கு விடாது. இடைமுகத்தை ஒட்டி இரண்டுக்கும் இடையிலான நீட்சி வித்தியாசத்தை ஈடுகட்டக் கூடுதல் டிஸ்லொகேஷன்கள் சேரும். அதாவது, மேலே நான் இல்லை என்று சொன்ன கடினமாகும் திறனில் ஒரு பங்கு இடைமுகம் வழியாகத் திரும்பி வரும். இங்கே அடுக்கின் தடிமனுக்கு நேரடிப் பங்கு உண்டு. ரொம்பத் தடிமனானால் இடைமுகத்தின் செல்வாக்கு எட்டாது. ரொம்ப மெலிந்தால் வலிய அடுக்கு அங்கங்கே கழுத்து விழுந்து துண்டு துண்டாகப் பிரிந்துவிடும்.

ரேடியேட்டர்வாசி:
இணைப்பது எப்படி? ஸ்பாட் வெல்டில் நடுப்பகுதி உருகினால் அந்த 200 நானோமீட்டர் எல்லாம் வார்ப்பு அமைப்பாகிவிடுமே. இரண்டு அலாயும் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கும்.

எடைகுறை:
ஆமாம். உருக்காமல் இணைக்க வேண்டும். துளை போடாமல் அடிக்கும் ரிவெட், அதோடு பசை. அல்லது உராய்வுக் கிளறல் வெல்டிங், அதில் உருகாவிட்டாலும் சூட்டில் கிரெயின் ஓரளவு பெரிதாகும். பழைய தகட்டை உருக்கி மீண்டும் எடுக்கும் விஷயத்தையும் மறக்க வேண்டாம். தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால் அலுமினியத்தை மறுசுழற்சி செய்யச் சுமார் 5 சதவீத ஆற்றல் போதும், அதுதான் அதன் பெரிய சொத்து. கோரும் கிளாடும் நெருங்கிய உறவுக்கார அலாய்களாக இருந்தால் ஸ்கிராப் அதே தகட்டுக்குத் திரும்பும். தூரத்து அலாய்களை அடுக்கினால் உருகியபின் எதற்கும் பொருந்தாத கலவையாகும். வடிவமைக்கும்போதே யோசிக்க வேண்டியது.

இளஞ்செதில்:
எல்லோருக்கும் நன்றி. இப்படி வைத்துக்கொள்ளலாமா? 1050-ஐயும் 5754-ஐயும் மாற்றி அடுக்கி 2, 4, 6 சுற்று. ஒவ்வொன்றிலும் இழுவிசை, வளைப்பு, உரித்துப் பார்க்கும் சோதனை. பெயிண்ட் அடுப்புச் சூட்டுக்கு முன்னும் பின்னும். கீழ் அச்சில் திரிபு ஒரு படத்தில், அடுக்குத் தடிமன் இன்னொரு படத்தில்.

பிரஸ்ஷாப்:
வளைப்பை முதலில் செய்யுங்கள் தம்பி. உருட்டிய திசைக்கு இணையாகவும் குறுக்காகவும் இரண்டிலும். அதில் திறந்துகொள்ளும் தகட்டை இழுவிசை இயந்திரத்தில் மாட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நுண்ணோக்கி:
சுற்றுகள் முடிந்தபின் அடுக்காமல் லேசாக ஒரு பாஸ் உருட்டிய துண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடு இணைப்பு இரண்டாவது உருட்டலைப் பார்த்தால் உரிப்பு விசை எவ்வளவு கூடுகிறது என்று அதில் தெரியும், 2006 கட்டுரையில் சொன்ன நீட்சி மீட்சியும் அதிலேயே தெரியவரலாம். குறுக்குவெட்டை உருட்டிய திசையும் தடிமனும் தெரியும்படி எடுங்கள், இல்லாவிட்டால் பட்டைக் கிரெயின்கள் எல்லாம் உருண்டை மாதிரித் தெரியும். கடைசிப் பாலிஷை நுண்சிலிக்காக் கூழில் பொறுமையாகச் செய்யுங்கள். அமிலத்தில் அரித்தால் நல்ல இணைப்பும் கறுப்புக் கோடாகத் தெரியும், அதைப் பார்த்து ஒட்டவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அரிக்காத முகத்தில் முதல் படம் எடுத்துவிட்டு, அதே இடத்தை அரித்து இரண்டாவது படம் எடுங்கள். இரண்டையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.